ஹீட்டர் கெட்டுப்போனா சரி பண்றதா, புதுசு வாங்கறதா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



கறவை மாட்டுக் கடன் பத்தியும், தையல் தொழில் பத்தியும் எனக்கு முன்னாடி பேசினவங்க நல்லாச் சொன்னாங்க. எனக்குக் குடுத்திருக்கிற நேரத்துல நான் பொடக்காணியில தொங்கற ஹீட்டரைப் பத்திப் பேசப் போறேன். இதுல பேச என்ன இருக்குதுன்னு சிரிக்காதீங்க. போன வருஷம் எங்க குழுவுல 14 பேர்ல 3 பேர் ஹீட்டருக்காகக் கடன் கேட்டாங்க. அதுல ஒருத்தி நானு. மூணு பேர் வீட்லயும் ஹீட்டர் கெட்டுப்போச்சு. ஆனா மூணு பேருக்கும் ஒரே வைத்தியம் இல்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

நம்ம ஈரோடு மாவட்டத்துல வெய்யக் காலத்துல சுடுதண்ணி யாருக்கும் வேண்டாம். ஐப்பசி அடைமழை ஆரம்பிச்சதுல இருந்து தை முடியற வரைக்கும் சுடுதண்ணி இல்லாம முடியாது. வீட்ல வயசானவங்க, கைக்குழந்தை, பிள்ளை பெத்தவ இருந்தா வருஷம் பூராவுமே வேணும். எங்க வீட்ல அத்தைக்கு 71 வயசு. ரெண்டு முட்டியும் தேய்ஞ்சு போச்சு. சுடுதண்ணி வார்த்துக்கிட்டாத்தான் அன்னிக்கு நாலு எட்டு நடப்பாங்க. சுடுதண்ணி இல்லாத நாள்ல கட்டிலை விட்டு இறங்கவே மாட்டாங்க. அதனால எங்க வீட்ல ஹீட்டர் சொகுசுப் பொருள் இல்லீங்க, மருந்து மாதிரி.

எங்க ஹீட்டர் 15 லிட்டர், 2,000 வாட். வாங்கி 10 வருஷம் ஆச்சு. நாலாம் வருஷம் தெர்மோஸ்டாட் போச்சு. சூடு போதுமான அளவு வந்ததும் கரண்டை நிறுத்தற சின்ன சாமான் அது. 450 ரூபாயில முடிஞ்சது. ஆறாம் வருஷம் காயில் போச்சு, 900 ரூபா ஆச்சு. அன்னிக்கு மெக்கானிக் ஹீட்டரைக் கழட்டறப்ப நான் பக்கத்துலயே நின்னேன். “நீங்க போங்க, வீட்டுக்காரர் வந்தா சொல்லிக்கிறேன்”னார். “சமைக்கிறதும் குளிக்க வெக்கிறதும் நாங்கதானுங்க, எனக்கே சொல்லுங்க”ன்னு நான் நகரலை. காயிலை வெளியே இழுத்தார். சுண்ணாம்புல முக்கி எடுத்த மாதிரி வெள்ளையா இருந்துச்சு. தொட்டியைக் கவிழ்த்தா அரைப்படி அளவுக்கு உப்புச் சக்கை கொட்டுச்சு. எல்லாம் எங்க போர்த் தண்ணி பண்ணற வேலை.

நம்ம பக்கம் சப்பைத் தண்ணி எப்படின்னு உங்களுக்குத் தெரியும். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அந்தத் தண்ணியைக் கொதிக்க வெச்ச பாத்திரத்துல அடியில வெள்ளை படியுதுல்ல, அதேதான் ஹீட்டருக்குள்ளயும் தினம் படியுது. காயில் மேல உப்பு ஏற ஏற சூடு தண்ணிக்குப் போய்ச் சேராது. தண்ணி காய நேரமாகும், கரண்ட் அதிகமா இழுக்கும், கடைசியில காயில் கருகிப் போயிரும். தண்ணி காயறப்ப உள்ள சடசடன்னு சத்தம் வந்தா உப்புப் பிடிச்சிருக்குதுன்னு அர்த்தம்.

அன்னிக்கு அந்த மெக்கானிக் இன்னொண்ணும் காட்டினார். தொட்டிக்குள்ள மெக்னீசியத்துல ஒரு கம்பி இருக்குது. தொட்டியை அரிக்க வேண்டிய துரு அந்தக் கம்பியை அரிச்சுத் தின்னும், அதனால தொட்டி தப்பிக்கும். கம்பி கரைஞ்சு போச்சுன்னா அப்புறம் தொட்டியைத்தான் அரிக்கும். எங்க கம்பி பென்சில் கணக்கா இளைச்சுப் போய் இருந்துச்சு. அதையும் மாத்தச் சொன்னேன். இந்தக் கம்பி ஒண்ணு இருக்குதுன்னே நம்மள்ல முக்காவாசிப் பேருக்குத் தெரியாது. விக்கறவங்களும் சொல்றதில்லை.

போன ஐப்பசியில ஒரு நாள் காலையில அத்தை குளிக்கப் போனவங்க, “குழாயைத் தொட்டா கை ஜிவ்வுங்குது சாமி”ன்னாங்க. நான் ஓடிப் போய் முதல்ல மெயினை இறக்கினேன். அப்புறம் பார்த்தா ஹீட்டர் அடிப்பக்கம் ஈரம். தண்ணி சொட்டுச் சொட்டா ஒயரு போற மூடிக்குள்ள இறங்குது.

அன்னைக்குச் சாயந்திரமே வீட்டுக்குள்ள நாலு யோசனை வந்துருச்சு. டவுனுக் கடையில இருந்து வந்தவர், “தொட்டியைக் கழட்டிப் பத்தவெச்சுத் தர்றேன், 2,500 ரூபா”ன்னார். இன்னொரு கடைக்காரர், “முன்பணம் 1,000 கட்டுங்க, மாசம் 900 வீதம் 10 மாசம், புது ஹீட்டர் இன்னைக்கே மாட்டிடலாம்”ன்னார். எங்க வீட்டுக்காரரோட பங்காளி சோலார் போடச் சொன்னார். அத்தை, “எதுக்குச் செலவு, பழையபடி அடுப்புல அண்டாவை வெச்சுக்கலாம்”ன்னாங்க. அந்த மாசம்தான் எங்க பெரிய பொண்ணுக்குக் கல்லூரிக்கு 12,000 ரூபா கட்டணும். கையில இருந்தது அந்தப் பணமும், சிறுவாட்டுல இருந்த 2,200 ரூபாயும்தான்.

நான் ஒரு நோட்டை எடுத்து நாலு கேள்வி எழுதினேன். அந்த நாலையும் உங்களுக்குச் சொல்றேன்.

முதல் கேள்வி: கெட்டது பாகமா, தொட்டியா? ஹீட்டர்ல காயில், தெர்மோஸ்டாட், சேஃப்டி வால்வு, வாஷர், இண்டிகேட்டர் லைட்டு எல்லாம் பாகம். கழட்டி மாத்தலாம். தொட்டிதான் அதுக்கு உடம்பு. பாகம் கெட்டா சரி பண்ணுங்க. தொட்டி ஓட்டையானா மாத்துங்க. துருப்பிடிச்ச தொட்டியில ஒரு ஓட்டையை அடைச்சா பக்கத்துலயே இன்னொண்ணு விழும். உள்பக்கம் பூசியிருக்கிற பூச்சும் பத்தவெச்ச சூட்டுல போயிரும். பழைய குடத்துக்கு ஈயம் வெச்ச கதை நமக்குத் தெரியாததா?

எப்படிக் கண்டுபிடிக்கிறது? சுவிட்சைப் போட்டா லைட்டே எரியலைன்னா ஒயரு, சுவிட்சு, தெர்மோஸ்டாட் இந்த மூணுல ஒண்ணா இருக்கலாம். லைட்டு எரியுது, தண்ணி காயலைன்னா பெரும்பாலும் காயில். காயறப்ப மட்டும் வால்வுல ரெண்டு சொட்டு விழுந்தா பயப்பட வேண்டாம், சூட்டுல தண்ணி விரிஞ்சு வெளியே வர்றதுதான். நிக்காம ஒழுகினா வால்வை மாத்தணும். அந்த வால்வு வாயை மட்டும் யாரும் துணி வெச்சோ மூடி போட்டோ அடைச்சிராதீங்க. உள்ள அழுத்தம் ஏறினா தொட்டி வெடிக்கும். பச்சைத் தண்ணி தெளிவா வருது, சுடுதண்ணி மட்டும் செம்மண் நிறத்துல வருதுன்னா தொட்டி உள்ள துருப் பிடிச்சிருச்சு. பெட்டியோட உடம்புல இருந்தே தண்ணி கசிஞ்சா தொட்டி போச்சு.

ரெண்டாம் கேள்வி: உயிருக்கு ஆபத்து இருக்குதா? ஷாக் அடிச்சா அதுக்கு மேல விலை பத்திப் பேச்சே கிடையாது. மெயினை இறக்கிட்டு, எலக்ட்ரீசியன் வந்து பார்க்கிற வரைக்கும் தொடக் கூடாது. புது ஹீட்டர் வாங்கி மாட்டினா மட்டும் இது தீராது. எர்த் சரியில்லாத வீட்ல புதுசும் ஒரு நாள் ஷாக் அடிக்கும். 2,000 வாட் ஹீட்டர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். டிவிக்குப் போடற 6 ஆம்பியர் பிளக்கு அதைத் தாங்காது, 16 ஆம்பியர் வேணும், ஒயரும் அதுக்குத் தகுந்த கனம் வேணும். கரண்ட் கசிஞ்சா உடனே தானா விழுந்துர்ற ஆர்.சி.சி.பி. சுவிட்சையும் போட்டுருங்க. புது ஹீட்டர் கணக்குப் போடறப்ப இந்தச் செலவையும் சேர்த்துத்தான் போடணும்.

மூணாம் கேள்வி: சரி பண்ற செலவு எவ்வளவு, அதுக்கு எத்தனை வருஷம் ஓடும்? நான் பார்த்த ஹீட்டரு மாட்டற கூலியோட 8,200 ரூபா. 10 வருஷத்துப் பெட்டிக்கு 2,500 செலவு பண்ணி அது ஒரு வருஷம் ஓடினா வருஷத்துக்கு 2,500 ஆச்சு. புதுசு 8 வருஷம் ஓடினாக்கூட வருஷத்துக்கு 1,025 ரூபாதான். பத்தவெச்சுத் தர்றேன்னவர்கிட்ட, “ஒரு வருஷம் ஒழுகாதுன்னு பில்லுல எழுதித் தருவீங்களா?”ன்னு கேட்டேன். “அப்படியெல்லாம் எழுத முடியாதுங்க”ன்னார். எனக்கு அந்தப் பதிலே போதும். இதே 3 வருஷத்துப் பெட்டியில 900 ரூபாய்க்குக் காயில் மாத்தணும்னா யோசிக்காம மாத்திருவேன். அதுக்கு முன்னாடி வாரண்டி அட்டையை எடுத்துப் பாருங்க. மொத்தப் பெட்டிக்கு ஒரு கணக்கு, காயிலுக்கு ஒண்ணு, தொட்டிக்கு ஒண்ணுன்னு தனித்தனியா இருக்கும். தொட்டிக்குத்தான் அதிக வருஷம் போட்டிருப்பாங்க. அந்த அட்டையை ரேஷன் கார்டு வெக்கிற இடத்துல பத்திரமா வெச்சுக்குங்க.

நாலாம் கேள்வி: பணம் எங்கிருந்து வரும், எப்ப வரும்? தவணைக் கடையில 1,000 முன்பணம், 9,000 தவணை, ஆக 10,000. 8,200 ரூபாச் சாமானுக்கு 1,800 ரூபா அதிகம். நம்ம குழுவுல 6,000 ரூபா வாங்கினா நூத்துக்கு மாசம் 1 ரூபா வட்டி. மாசம் 600 அசல் கட்டினா, முதல் மாசம் வட்டி 60, அடுத்து 54, அப்படியே குறைஞ்சு 10 மாசத்துக்கும் சேர்த்து 330 ரூபாதான். அந்த 330ம் வெளியே போகாது, நம்ம குழுக் கணக்குலதான் சேரும்.

நாலு கேள்விக்கும் பதில் எழுதிப் பார்த்ததும் முடிவு தானா வந்துருச்சு. தொட்டி போச்சு, அதனால மாத்தணும். ஆனா இன்னைக்கே இல்லை. பொண்ணு ஃபீஸு முதல்ல. 12,000ஐ கட்டிட்டு, 5 வாரம் பொடக்காணி அடுப்புல தென்னை மட்டை, கொட்டாங்குச்சி போட்டுத் தண்ணி காய வெச்சேன். அத்தைக்குப் பக்கெட்டைத் தூக்கிட்டுப் போய் வெச்சது நானும் என் சின்னப் பொண்ணும். விடிகாலைப் புகையும், கண்ணெரிச்சலும், பனியில நனைஞ்ச மட்டை பத்தாம ஊதறதும் இருக்குதே, மாமியார் காலத்துப் பொம்பளைங்க எப்படித்தான் இருந்தாங்களோன்னு தோணுச்சு. அத்தையே நாலாம் வாரம், “அந்தப் பெட்டியை வாங்கிரு சாமி, உன் கண்ணு கெட்டுப் போயிரும்”ன்னாங்க.

வாளிக்குள்ள போடற ராடு 500 ரூபாதானே, அதை வாங்கியிருக்கலாமேன்னு சிலர் கேட்டாங்க. வயசானவங்களும் பிள்ளைங்களும் இருக்கிற வீட்ல எனக்கு அதுல மனசு ஒப்பலை. சுவிட்சு ஓடிக்கிட்டிருக்கிறப்பவே சூடு வந்துருச்சான்னு கையை விட்டுப் பார்த்தா ஆள் போயிருவாங்க. வெச்சிருக்கிறவங்க சுவிட்சை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, ராடை வெளியே எடுத்த அப்புறம்தான் தண்ணியைத் தொடணும். இரும்பு வாளி, சில்வர் வாளி ஆகவே ஆகாது.

எங்க குழுக் கூட்டத்துல நான் கடன் கேட்டப்ப ஒரு பேச்சு வந்துச்சு. “தொழிலுக்குக் கடன் குடுக்கலாம், ஹீட்டருக்கு எதுக்கு?”ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். நான் என் நோட்டைக் காட்டினேன். எங்க ஊக்குநர் அதை எல்லாருக்கும் படிச்சுக் காட்டினாங்க. கணக்குச் சரியா இருக்குதுன்னு தீர்மானம் எழுதிக் குடுத்தாங்க. மார்கழி முதல் வாரத்துல புது ஹீட்டர் வந்துச்சு. எர்த் குழி, 16 ஆம்பியர் பிளக்கு, ஆர்.சி.சி.பி. மூணுக்கும் தனியா 3,100 ஆச்சு. அதுக்கு எங்க வீட்டுக்காரர் அவரு மஞ்சள் வெட்டுக் கூலியில குடுத்தார்.

அடுத்து கேட்ட அக்கா வீட்ல நடந்ததையும் சொல்லணும். அவங்க ஹீட்டர் வாங்கி 4 வருஷம்தான். தண்ணி காயலை. பார்க்க வந்தவர் மூடியைக் கூடத் திறக்காம, “இது போச்சுங்க, புதுசு வாங்குங்க, பழசை 300 ரூபாய்க்கு எடுத்துக்கிறேன்”னு சொல்லியிருக்கார். அக்கா 8,000 ரூபா கடன் கேட்டு வந்தாங்க. “லைட்டு எரியுதா? கசியுதா? தண்ணி நிறம் மாறுதா?”ன்னு நாங்க கேட்டோம். லைட்டு எரியலை, கசியலை, நிறம் மாறலை. வேற ஒருத்தரைக் கூப்பிட்டுக் காட்டினதுல தெர்மோஸ்டாட் மட்டும்தான் போயிருந்துச்சு. 550 ரூபாயில முடிஞ்சது. அக்கா கடன் மனுவைத் திருப்பி வாங்கிக்கிட்டாங்க. எங்க குழுவுல மனுவைத் திருப்பி வாங்கினதுக்குக் கை தட்டினது அன்னைக்கு ஒரு நாள்தான்.

மூணாவது தங்கச்சி வீட்ல சோலார். மொட்டை மாடியில 100 லிட்டர், கண்ணாடிக் குழாய் வெச்சது. தேங்காய் விழுந்து ரெண்டு குழாய் உடைஞ்சு போச்சு. மொத்தத்தையும் எடுத்துட்டுக் கரண்ட் ஹீட்டர் போடலாம்னு இருந்தாங்க. அந்தக் கண்ணாடிக் குழாய் ஒவ்வொண்ணும் தனித்தனியாக் கழட்டி மாத்தற மாதிரிதான் செஞ்சிருக்காங்க. ரெண்டு குழாயும் ரப்பர் வளையமும் மட்டும் மாத்தினாங்க, ஓடுது. ஆனா சோலாருக்கும் சப்பைத் தண்ணி எதிரிதான். குழாய்க்குள்ள உப்பு அடைக்கும், அப்பப்பக் கழுவி விடணும். மழை பிடிச்சா தண்ணி காயாது. ஓட்டு வீட்டுக்கும், மேல தொட்டி இல்லாத வீட்டுக்கும் ஒத்து வராது. தார்சு வீடும் மேல தொட்டியும் இருக்கிறவங்க, வீட்ல ஆறேழு பேர் இருக்கிறவங்க யோசிக்கலாம். கரண்ட் செலவு இல்லாம வருஷக்கணக்கா வேலை செய்யும்.

கரண்ட் பில்லையும் பயப்படாம ஒரு தரம் போட்டுப் பாருங்க. 2,000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினா 2 யூனிட். 15 லிட்டர் காயறதுக்கு சுமார் 20 நிமிஷம், அதாவது முக்கால் யூனிட்டுக்குள்ளதான். தினம் ஒரு மணி நேரம் ஓடினா நம்ம ரெண்டு மாச பில்லுல 120 யூனிட் ஏறும். யூனிட் கூடக் கூட யூனிட் விலையும் ஏறும்னு உங்களுக்குத் தெரியும். அதனால ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் குளிச்சு முடிச்சதும் சுவிட்சை நிறுத்திருங்க. புதுசு வாங்கறவங்க பெட்டியில ஒட்டியிருக்கிற நட்சத்திரத்தைப் பாருங்க. நட்சத்திரம் கூட இருந்தா, காய்ஞ்ச தண்ணி சும்மா ஆறிப் போறது குறைச்சல்னு அர்த்தம்.

இருக்கிற ஹீட்டர் நீடிக்க மூணு வேலை. சூட்டை 50ல இருந்து 60 டிகிரிக்குள்ள வையுங்க, சூடு ஏற ஏற உப்பு அதிகமாப் படியும். வருஷம் ஒரு தரம், ஐப்பசிக்கு முன்னாடி, மெக்கானிக்கை வெச்சுத் தொட்டியைக் கழுவி அந்தக் கம்பியைப் பாருங்க. கோடையில மூடி வெச்ச ஹீட்டரை மறுபடி போடறப்ப, சுடுதண்ணிக் குழாய்ல தண்ணி வர்றதைப் பார்த்துட்டு அப்புறம் சுவிட்சைப் போடுங்க. தண்ணியில்லாம ஓடினா காயில் கருகிரும்.

கடைசியா கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை. மெக்கானிக் வந்து என்ன சொல்றாரோ அதை நம்பித்தான் நாம கடன் மனு எழுதறோம். நம்ம குழுப் பிள்ளைங்கள்ல ஐ.டி.ஐ. எலக்ட்ரீசியன் படிச்ச பொண்ணுங்க இருக்காங்க. கல்யாணம் ஆனதும் அந்தச் சர்டிபிகேட் பெட்டிக்குள்ள போயிருது. அவங்கள்ல ரெண்டு பேருக்குக் கூட்டமைப்பு கருவி வாங்கக் கடன் குடுத்தா, ஹீட்டர், மிக்ஸி, மோட்டார் எல்லாத்துக்கும் நம்ம பொண்ணே வந்து மூடியைத் திறந்து, கெட்டது இதுதான்னு நம்ம கையில குடுத்துக் காட்டுவா. அவங்களுக்கும் தொழில், நமக்கும் வீண் கடன் இல்லை. இதை அடுத்த கூட்டத்துல தீர்மானமாக் கொண்டு வரணும்னு எங்க குழு சார்பாக் கேட்டுக்கிறேன். எங்க குழுவுல 14 பேரும் கையெழுத்துப் போட்ட மனு இந்தாங்க, தலைவி அக்கா கையில குடுத்துட்டு உட்கார்ந்துக்கிறேன்.